கொடைக்கானல் வீட்டுப் புகைபோக்கி: இடிப்பதா, பூசுவதா?

கொடைக்கானலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் வீட்டையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வீடு 1920களில் கட்டப்பட்டது. ஊர் திரும்பிய ஒரு மிஷனரிக் குடும்பத்திடமிருந்து அவருடைய தாத்தா 1952-ல் வாங்கியிருக்கிறார். கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, கூடத்தில் கணப்பு அடுப்பு, கூரைக்கு மேலே ஏறத்தாழ ஆறடி உயரத்துக்குக் கல் புகைபோக்கி. 2009-ல் அப்பா காலமான பிறகு அடுப்பை யாரும் மூட்டவில்லை. 2018-ல் கஜா புயல் அடித்த இரவில் புகைபோக்கியின் மேல்மூடி ஒரு மூலையில் உடைந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் கணப்புக்கு மேலுள்ள சுவரில் கறுப்பும் மஞ்சளுமாகக் கறை இறங்குகிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் கறை மேலே வந்துவிட்டது. சென்ற ஐப்பசியில் தேங்காய் அளவுள்ள கல் ஒன்று பெயர்ந்து, பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையை ஓட்டை போட்டது.

புகைபோக்கி முழுவதும் சிமெண்ட் பூசி, நீர்க்கசிவைத் தடுக்கும் பெயிண்ட் அடிக்க 85,000 ரூபாய் கேட்கிறார் ஓர் ஒப்பந்ததாரர். இன்னொருவர், இடித்துவிட்டு ஓடு போட்டு மூடிவிடலாம் என்கிறார். வீட்டில் பாதிப் பங்குள்ள தம்பி சென்னையில் இருக்கிறார். “எப்படியும் விற்கப்போகிறோம், இடித்துவிடு” என்பது அவர் பேச்சு. மகனுக்கோ வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, கணப்பை மறுபடி மூட்ட ஆசை. அந்தக் கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கும் 84 வயது அம்மா, “உன் அப்பா உட்கார்ந்த இடம், கை வைக்காதே” என்கிறார். “நூறு வருஷத்தில் கல்லே செரித்துப்போய்விட்டது. இனி அதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?” என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், இன்றே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. அம்மாவின் கட்டிலைக் கணப்புச் சுவரிலிருந்து எடுத்து வேறு அறையில் போடுங்கள். ஒரு கல் வெளியே விழுந்தது என்றால் அடுத்த கல் உள்ளேயும் விழலாம், ஓட்டைப் பொத்துக்கொண்டும் விழலாம். ஈரச் சுவரை ஒட்டி 84 வயதில் படுப்பதும் நல்லதல்ல. அவர் மறுத்தால், “மராமத்து முடியும் வரை” என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. இரண்டாவது, புகைபோக்கிக்கு நேர் கீழே, உங்கள் பக்கமும் அண்டை வீட்டுப் பக்கமும் யாரும் நடமாடாதபடி கயிறு கட்டுங்கள். விழுந்த கல்லைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது மறுபடி மேலே ஏற வேண்டிய கல்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல் செரிக்கவில்லை. கொடைக்கானல் வீடுகளில் உள்ள கல் பெரும்பாலும் அந்த மலையிலேயே உடைத்த சார்னோகைட் வகைக் கருங்கல். நூறு ஆண்டு மழை அதன் மேல் பாசியை வளர்க்குமே தவிர, கல்லைக் கரைக்காது. தேய்ந்திருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சாந்து. இந்த வித்தியாசம் உங்கள் முடிவையே மாற்றிவிடும். கல் கெட்டிருந்தால் புதிதாகக் கட்டத்தான் வேண்டும். சாந்து போயிருந்தால் சாந்தைத் திரும்பக் கொடுத்தால் போதும்.

கொடைக்கானலில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெளியே பார்த்தால் கல் சந்துகளில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஓர் இடத்தில் மட்டும் அது உரிந்திருந்தது. அதற்குள் ஒரு பென்சிலை நுழைத்தேன். தடையே இல்லாமல் முழுதாக உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் மலையில் சுண்ணாம்பு கிடைப்பது அரிது. சமவெளியிலிருந்து சுமந்து ஏற்ற வேண்டும். அதனால் உள்ளே மண் சாந்தில் கல்லை அடுக்கி, வெளி முகத்தில் மட்டும் இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள். அந்தச் சுண்ணாம்பு முகம் இருக்கும் வரை மண் நூறு ஆண்டு நிற்கும். முகம் திறந்துவிட்டால் ஒவ்வொரு மழையும் உள்ளிருந்து ஒரு பிடி மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். உங்கள் வீட்டிலும் கணப்புக்குள் செந்நிறச் சேறு அல்லது மணல் உதிர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் இதுதான் கதை.

அடுப்பை 2009-லிருந்து மூட்டவில்லை, ஆகவே புகைபோக்கிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. தினமும் நெருப்பு எரிந்த காலத்தில் சுவருக்குள் போன ஈரத்தை அந்தச் சூடே உலர்த்தியது. நெருப்பு நின்றதும் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. கறை மறுபடி மறுபடி மேலே வருவதற்கும் காரணம் உண்டு. பல்லாண்டுப் புகையில் படிந்த கரியிலும் உப்பிலும் ஈரம் ஊறி, சுவர் வழியாக வெளியே வருகிறது. அந்த உப்பு, மழை இல்லாத நாளில்கூடப் பனிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பயன் இல்லை. தண்ணீர் வரும் வழியை அடைத்து, ஒரு கோடை முழுதும் சுவரை உலரவிட்டு, உப்பேறிய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசினால்தான் கறை அடங்கும்.

சிமெண்ட் ஏன் வேண்டாம்

ஒப்பந்ததாரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கற்ற தொழில் அது. புதிய வீட்டுக்கு அது சரி. சிமெண்ட் கெட்டியானது, ஆகவே நல்லது என்ற எண்ணம்தான் இங்கே தவறாகப் போகிறது. பழைய புகைபோக்கி வெயிலிலும் குளிரிலும் சற்றே விரிந்து சுருங்கும். சுண்ணாம்பு அந்த அசைவோடு ஒத்துப்போகும். சிமெண்ட் மயிரிழை அளவு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் ஆவியாக வெளியே வர முடியாது. மண் சாந்துள்ள புகைபோக்கிக்குச் சிமெண்ட் சட்டை போட்டால் உள்ளே சேறும் வெளியே ஓடுமாக நிற்கும். மூன்று நான்கு மழைக்காலம் அழகாக இருக்கும். பிறகு பூச்சு கல்லோடு சேர்ந்து பாளமாக விழும். ஐப்பசியில் விழுந்தது தேங்காய் அளவு. அப்போது விழுவது கதவளவு இருக்கும். பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற இருக்கும் கடைசி வழியும் அடைபடும்.

நிலக்கரி எரித்த வீடுகளில் கரியின் கந்தக உப்பு சிமெண்டோடு சேர்ந்து அதை ஊதச் செய்து, புகைபோக்கியையே ஒரு பக்கம் சாய்த்துவிடுவதும் உண்டு. உங்கள் வீட்டில் யூகலிப்டஸ், சீகை (வாட்டில் மரம்) விறகுதான் எரிந்திருக்கும் என்பதால் அந்தக் கவலை குறைவு.

இடிப்பது பற்றி

இடிப்பது எளிது, மலிவு என்று தோன்றும். கூரைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் இறக்கிவிட்டு ஓடு போட்டால், கீழே சுவரோடு சேர்ந்த பகுதி காற்றோட்டம் இல்லாமல் மூடிக்கொள்ளும். மேலும் கீழும் காற்று போக வழி வைக்காவிட்டால் அதே கறை வேறு உருவில் வரும். முழுவதையும் இடிக்க நினைத்தால் கதையே வேறு. இந்த வீடுகளில் புகைபோக்கிச் சுவர்தான் கூரை உத்தரத்தைத் தாங்கும் முதுகெலும்பாகப் பல இடங்களில் இருக்கிறது. பொறியாளர் பார்க்காமல் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது.

இடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாத நிலையும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. நீங்களே ஒரு முதல் சோதனை செய்து பார்க்கலாம். யாரும் ஏற வேண்டாம். எதிர்ப்புறம் தூரமாக நின்று, கையில் தூக்குக்குண்டுக் கயிற்றைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கயிற்றோடு புகைபோக்கியின் ஓரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு திசையிலிருந்து பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சாய்ந்திருப்பதாகத் தோன்றினால் உடனே பொறியாளரை அழையுங்கள். இன்னொரு கணக்கு: கூரைக்கு மேலுள்ள உயரம், புகைபோக்கியின் குறுகிய பக்க அகலத்தைப்போல் நாலரை மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டுதல். ஆறடி உயரத்துக்கு இரண்டடி அகலம் இருந்தால் நீங்கள் பத்திரமான பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். சாய்வு இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதி, படம் எடுத்து, கூரை மட்டம் வரை இறக்கி, அதே வரிசையில் மறுபடி அடுக்கலாம். செலவு கூடும். ஆனால் அந்தப் புகைபோக்கி அதே கல்லோடு அங்கேயே நிற்கும்.

நான் பரிந்துரைக்கும் வேலை

முதலில் தண்ணீர் நுழையும் இடங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் சந்தேகம் இரண்டு இடங்கள் மேல் விழுந்தது. ஒன்று, கஜாவில் உடைந்த மேல்மூடி. அதை முழுதாக எடுத்துவிட்டு, நாலா பக்கமும் சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே நீளும்படி கல் பலகை போட வேண்டும். பலகையின் அடிப்பக்கம் ஓரமாக ஒரு கோடு குடைந்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் அந்தக் கோட்டோடு நின்று சொட்டிவிடும். கோடு இல்லாவிட்டால் பலகையின் அடியிலேயே ஊர்ந்து சுவருக்குத் திரும்பும். அரை அங்குலக் கோடு செய்யும் வேலையைப் பத்து லிட்டர் பெயிண்ட் செய்யாது. புகை வெளியேறும் வாய்க்கு மேலே நான்கு கால் வைத்து ஒரு சிறு கூரையும், பறவை நுழையாதபடி வலையும் வேண்டும்.

இரண்டாவது இடம், புகைபோக்கி ஓட்டைத் துளைத்து மேலே வரும் சந்திப்பு. ஒழுகும் புகைபோக்கிகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். அங்கே தகரத்தை மடித்து, அதன் மேல் ஓரத்தைக் கல் சந்துக்குள் செருகியிருப்பார்கள். அது துருப்பிடித்திருக்கும், அல்லது யாரோ தார் பூசி ஒட்டியிருப்பார்கள். கூரையின் மேட்டுப் பக்கத்தில், புகைபோக்கியின் முதுகில், ஓட்டில் ஓடிவரும் தண்ணீர் முட்டித் தேங்கும். யூகலிப்டஸ் சருகும் அங்கேதான் சேரும். அந்த இடத்தில் அகலமான தகர வாய்க்கால் வைத்து இரண்டு பக்கமும் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். இதற்கு ஈயத் தகடு சிறந்தது, கிடைக்காவிட்டால் தடிமனான துத்தநாக முலாம் பூசிய தகடு போதும்.

இந்த இரண்டும் முடிந்த பிறகே கல் சந்துகள். பழைய சாந்தை உளியால் கையாலேயே எடுக்க வேண்டும். மின் கட்டர் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது ஓர் அங்குலம் எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சதுர அடிக்கு மேல் திறக்க வேண்டாம். உள்ளே வெற்றிடம் இருந்தால் சில்லுக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்து அழுத்தி அடைக்க வேண்டும். சந்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் புதுச் சாந்து வைக்க வேண்டும். உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது பொடியாகிவிடும்.

சாந்துக்கு: நன்றாக நீற்றி, சில வாரங்களாவது தண்ணீருக்குள் புளிக்கவிட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு, நன்றாகச் சுட்ட செங்கல் தூள் ஒரு பங்கு. செங்கல் தூள் சேர்ந்தால் ஈரக்காற்றிலும் சுண்ணாம்பு இறுகும். உங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்கு அது அவசியம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பழைய முறை. கோயில் திருப்பணிகளில் இன்றும் செய்கிறார்கள். தெரிந்த கை என்றால் சேர்க்கட்டும், தெரியாதவர் அளவு தவறிச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவது மேல். வேலை முடிந்த பிறகு பத்து நாளாவது ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். சுண்ணாம்பு சிமெண்டைப்போல் ஒரே இரவில் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மறுபடி கல்லாக மாறும். அதற்கு ஈரமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

ஆகவே காலம் முக்கியம். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஆகாது. மார்கழி, தை மாத உறைபனியில் பச்சைச் சாந்து உள்ளேயே உறைந்து உதிரும். பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை தொடங்கும் வரை உள்ள எட்டு வாரம்தான் நல்ல நேரம். அதுவரை மேல்மூடிக்குத் தார்ப்பாய் கட்டித் தண்ணீரைத் தடுங்கள். இறுக்கிச் சுற்ற வேண்டாம், பக்கவாட்டில் காற்று போகட்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இல்லை என்று பலர் எனக்கு எழுதுகிறார்கள். காரைக்குடிப் பக்கம் இருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு அவர்கள் கையில்தான் உயிரோடு இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கோயில் திருப்பணி நடந்த இடத்தில் விசாரித்தாலும் ஆள் கிடைக்கும். வருபவரிடம் முதலில் ஒரு சதுர அடி மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தக் கலவை வேண்டாம்.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாரத்தைப் புகைபோக்கியில் கட்டக் கூடாது. சவுக்குக் கம்போ இரும்புக் குழாயோ, தரையிலிருந்து தானாக நிற்க வேண்டும். தளர்ந்த புகைபோக்கியில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவது உயிருக்கு ஆபத்து. ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏற வேண்டும். வேலை தொடங்கும் முன் உள்ளே தேன்கூடோ குளவிக்கூடோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல ஆண்டு மூட்டாத புகைபோக்கி அவற்றுக்குப் பிடித்த இடம்.

அண்டை வீடு, தம்பி, நகராட்சி

விழுந்த கல் உங்கள் கட்டடத்தினுடையது. தளர்ந்திருப்பது தெரிந்தும் விட்டுவைத்து, அடுத்த முறை ஆளுக்கு அடிபட்டால், “புயல் தள்ளியது” என்ற பதில் எடுபடாது. தெரிந்த ஆபத்தைச் சரிசெய்யாதது அலட்சியம் ஆகும். கொட்டகைத் தகரத்தை நீங்களே மாற்றிக் கொடுங்கள். அதோடு, வேலை நடக்கும் சில வாரங்களுக்கு அவர்கள் நிலத்தில் சாரக் கால் ஊன்ற அனுமதி கேட்டு ஒரு கடிதமும் கொடுங்கள். இதைச் சண்டைக்குப் பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்பது எளிது.

தம்பிக்குப் பாதிப் பங்கு இருக்கிறது. ஆகவே அவர் சம்மதமில்லாமல் நீங்கள் இடிக்கவும் முடியாது, உங்கள் சம்மதமில்லாமல் அவர் இடிக்கவும் முடியாது. வீட்டைக் காப்பாற்ற அவசியமான பழுதுபார்ப்பு வேறு வகை. அதற்கு ஆன செலவில் அவர் பங்கைப் பின்னால் பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ கணக்கில் கேட்கலாம். அதற்குச் சாட்சி வேண்டும்: வேலைக்கு முன்னும் பின்னும் படம், கொத்தனார் கையெழுத்திட்ட ரசீது, “இன்ன வேலை, இன்ன செலவு” என்று தம்பிக்கு முன்கூட்டியே அனுப்பிய கடிதம். உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தக் கடிதத்தை ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புங்கள். தம்பியிடம் பேசும்போது இதையும் சொல்லலாம்: கொடைக்கானலில் பழைய கல் வீடு வாங்க வருபவர் அந்தக் கணப்புக்காகவே வருகிறார். இடித்துவிட்டு விற்றால் குறைவது விலைதான்.

இருந்ததை இருந்தபடி பழுதுபார்ப்பதற்குத் திட்ட அனுமதி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. உயரத்தை மாற்றினால், கட்டடத்தைக் கூட்டினால் கட்டாயம் தேவை. மலைப்பகுதி விதிகள் சமவெளியைவிடக் கடுமையானவை. எதற்கும் நகராட்சியில் ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனுக்கு

மகனின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். குடியிருப்பு வீட்டை அனுமதியில்லாமல் விடுதியாக நடத்துவது உங்கள் ஊரில் விளையாட்டல்ல. 2019-ல் நீதிமன்ற உத்தரவின்பேரில் எத்தனை கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுற்றுலாத் துறைப் பதிவையும் நகராட்சி அனுமதியையும் முதலில் முடிக்கட்டும்.

அதைவிட முக்கியமானது, வெளியே சந்து பூசியதாலேயே உள்ளே நெருப்பு மூட்டத் தகுதி வந்துவிடாது. புகைக்குழாயின் உட்பூச்சு உதிர்ந்திருந்தால் புகை கல் சந்து வழியாக மச்சுக்கும் படுக்கையறைக்கும் கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொடைக்கானல் அறைகளில் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கி, விடிவதற்குள் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். எனவே குழாயை முழுதாகத் துடைத்துக் கரியை இறக்குங்கள். பிறகு ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பில் கொஞ்சம் ஈர வைக்கோலைப் புகையவிட்டு, மேல்வாயை ஈரச் சாக்கால் மூடி, மச்சிலும் மேல் சுவரிலும் எங்காவது புகை கசிகிறதா என்று இரண்டு பேர் நின்று பார்க்க வேண்டும். கசிந்தால், துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்குவதுதான் வழி. அது புகைக்கு மட்டும்தான் தீர்வு, தளர்ந்த கல்லை அது தாங்காது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் அந்த அறையில் மாட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் ஏப்ரலில் வேலை முடியும். சாந்து இறுக இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். முதல் நெருப்பு பெரிதாக வேண்டாம். ஈரம் ஊறிய சுவர் திடீரென்று சூடேறினால் வெடிக்கும். ஓராண்டு உலர்ந்த சீகைச் சுள்ளி ஒரு கைப்பிடி, அரை மணி நேரம். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இப்படி ஒரு வாரம் சென்ற பிறகு, சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் கட்டிலைப் பழைய இடத்தில் போடுங்கள்.